மூத்தவள் ஆடுகளும் ஒரு சிவப்புச் சேலையும்

உயிரோடு இருக்கிற சக்களத்தியோடு மல்லுக்கு நிற்கலாம். கிணற்றடியில் குடுமியைப் பிடித்து உலுக்கலாம், அவள் வைத்த குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போடலாம். செத்துப்போனவளை என்ன செய்வது? நான் பொறாமைப்பட்டது ஒரு செத்தவள் மேல். அதைவிடக் கேவலம், அவள் விட்டுப்போன ஒன்பது வெள்ளாடுகள் மேல். இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

நான் பிறந்தது மேச்சேரிப் பக்கம். ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று பத்தொன்பது வயது வரை ஒன்றும் அமையாமல் கிடந்து, கடைசியில் நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே ஒரு மேட்டுக்காட்டு வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து சேர்ந்தேன். உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது, பஸ்ஸே கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் என் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும். மூத்தவள் குழந்தை குட்டி இல்லாமல் காய்ச்சலில் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் போன பிறகு மாமனாரும் போய்விட்டார். அவருக்கு வருஷம் திரும்பக் காத்திருந்து, திரும்பியதும் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

எதற்காகக் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஆட்டுக்காக. மூத்தவள் தாய்வீட்டுச் சீராக ஒரு கருப்புப் பெட்டை ஆட்டைக் கொண்டுவந்திருந்தாள். அது ஈன்று, அதன் குட்டிகள் ஈன்று, ஒன்பதாக நின்றன. என் வீட்டுக்காரருக்கு அதைப் பெருக்கி ஒரு பட்டியாக்க வேண்டும் என்று ஆசை. மானம் பார்த்த காடு அது, மழை பெய்தால்தான் வெள்ளாமை. எருவில்லாமல் சோளம் முழங்கால் உயரம்கூட வராது. ஆடு பெருகினால் எரு; எரு விழுந்தால் காடு. பட்டாளத்துக்கு ஆடு பிடிக்கிற யாவாரிகளும் அப்போது ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள்.

"உங்கூர்லதான் ஆட்டுலயே பொறந்து ஆட்டுலயே வளருவீங்களாமே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்கூர்ல செம்மறிங்க" என்றேன்.

"ஆடு ஆடுதானே புள்ள?"

அதுதான் இல்லை. செம்மறி தலையைக் குனிந்தால் நிமிராது. ஒன்று போனால் எல்லாம் போகும், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். மழையில் நனைந்தாலும் அப்படியே கிடக்கும். வெள்ளாடு அப்படியா? இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. வேலியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு கிளுவைத் தழையின் நுனியை மட்டும் தின்னும். நாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டு மறுபடியும் தின்னும். அந்தப் பார்வை இருக்கிறதே, 'நீ யாருடி?' என்று கேட்கிற மாதிரியே இருக்கும். அதிலும் அந்தத் தாய் ஆடு, மூத்தவள் கொண்டுவந்த கிழம், அதற்கு இருந்த ராங்கி என் மாமியாருக்குக்கூட இல்லை.

முதல் ஐப்பசியிலேயே நான் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி ஆடுகளைத் திறந்த படலுக்குள் அடைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிய விடிய மழை. காலையில் இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, "மூத்தவ இருந்திருந்தா முந்தானைக்குள்ள வெச்சுக் காப்பாத்தியிருப்பா" என்றார்கள். செத்தவள் கண் செந்தாமரைக் கண் என்பார்களே, அது சரிதான். அவள் உயிரோடு இருந்தபோது எத்தனை குட்டியைச் சாகவிட்டாளோ, யார் கண்டது? என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "வெள்ளாட்டுக்கு ஈரம் ஆவாது சாமி. கூரை போடோணும்" என்றதோடு சரி.

கூரை போட்டோம். பனையோலை வேய்ந்து, தரையை மேடாக்கி, கிழக்கே மறைப்புத் தட்டி கட்டி, ஒரு மாதம் நானும் அவரும் மண் சுமந்தோம். வேலை முடிந்த அன்று அவர் தாய் ஆட்டின் கழுத்தைத் தடவி, "உன்ற ஊடு எப்படி இருக்குது?" என்று கேட்டார். அதனிடம் கேட்டார். மண் சுமந்த என் தலையில் இன்னும் சும்மாடு இருந்தது. என்னிடம் கேட்கவில்லை.

தை மாதம் தாய் ஆடு மூன்று குட்டி போட்டது. மூன்றாவது நோஞ்சான். மற்ற இரண்டும் முட்டித் தள்ளியதில் அதற்குக் காம்பே கிடைக்கவில்லை. பாலைப் பீச்சி மூங்கில் குழாய்க் கொட்டத்தில் ஊற்றி வாயில் புகட்டினால்தான் பிழைக்கும். நான் கிட்டப் போனால் ஆடு உதைத்தது. கட்டிப்போட்டுப் பீச்சினேன், பாலை அடக்கிக்கொண்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன், கெட்ட வார்த்தையில் வைதேன், ஒன்றுக்கும் மசியவில்லை. இரண்டு நாள் போனது. குட்டி கத்துவதையும் நிறுத்திவிட்டது.

மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், பெரிய மரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்துவந்தார். ராசிபுரம் பக்கத்து நெசவு, மஞ்சள் கரை போட்ட தடித்த நூல் சேலை. கட்டிக் கட்டி மெதுவாகிப் போயிருந்தது.

"இதக் கட்டிக்கிட்டுப் போ சாமி. இந்தச் சேலையக் கண்டா ஆடு நிக்கும்."

யாருடைய சேலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? ஆட்டுக்குத் தெரிந்த சேலை என்றால் யாருடையதாக இருக்கும்? கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று தூக்கி எறிந்திருப்பேன், குட்டியின் முகம்தான் தடுத்தது.

ஆடு என்னைப் பார்த்தது. மூக்கை நீட்டி முந்தானையை மோந்தது. இரண்டு அடி முன்னால் வந்து, கால்களை அகட்டி நின்றது. கையை வைத்ததும் பால் சர்ரென்று இறங்கியது. குட்டி பிழைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பாலைப் பீச்சிக்கொண்டே அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஏரோட்டிவிட்டு வந்தார். கட்டுத்தரைப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தோளிலிருந்த கயிறு நழுவிக் கீழே விழுந்தது. கண் கலங்கியிருந்தது. மாட்டைக்கூடக் கட்டாமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். கல்யாணமாகி ஏழெட்டு மாதத்தில் என்னைப் பார்த்து ஒரு நாளாவது அப்படி நின்றிருக்கிறாரா? என் முகத்தை அவர் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. சேலையைத்தான் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி காந்தியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பால் பீச்ச அந்தச் சேலைதான். பீச்சி முடித்ததும் அவிழ்த்து எறிந்துவிட்டு என் சேலையைக் கட்டிக்கொள்வேன். மாமியார் அதை எடுத்துத் தானே துவைத்து, தானே காயப்போட்டு, தானே மடித்து வைப்பார். வேலியில் போட்டால் கிளுவை முள் கிழிக்கும் என்று அதற்கென்று ஒரு கயிறு கட்டியிருந்தார். என் சேலை வேலியில்தான் காயும். துணிப் பஞ்சத்தில் எனக்கு இருந்ததே இரண்டு, அதிலும் ஒன்றில் முழங்கால் தெரியும்.

அதுமட்டுமா? நான் பால் பீச்சும்போதெல்லாம் மாமியார் வந்து எதிரே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வார். பார்த்துக்கொண்டே இருப்பார். எப்போதாவது, "முந்தானையச் சித்தெ இழுத்துச் சொருவு சாமி, சாணி படப்போவுது" என்பார். செத்த மருமகளின் ஆட்டுக்கும் சேலைக்கும் காவல் இருக்கிறார் என்று எனக்குள் பொருமிக்கொள்வேன். "பாத்துட்டே இருந்தா பால் எச்சாவா வரும்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.

எனக்கென்று ஒரு ஆடு இருந்தால்தான் இந்த வீட்டில் எனக்கு ஒரு சொல் இருக்கும் என்று தோன்றிவிட்டது. மேச்சேரிக்குப் போய் அப்பாவிடம் மூக்கைச் சிந்தினேன். அவர் எங்கெங்கோ அலைந்து ஒரு செவலைப் பெட்டை வெள்ளாட்டைப் பிடித்துக் கொடுத்தார். அதை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இருட்டில்கூடத் தெரியும், இது மூத்தவள் ஆடு இல்லை, இது என் ஆடு. இனி இந்தப் பட்டியில் செவலை பெருகும், கருப்பு குறையும் என்று கணக்குப் போட்டேன்.

செவலை முதல் ஈற்றில் இரண்டு குட்டி போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டும் கன்னங்கரேல் என்று கிடந்தன. பட்டியில் இருந்த கிடா மூத்தவள் வழிக் கருப்பு. எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்! மேச்சேரிக்காரிக்குப் பொறாமையில் கிடாவே மறந்துபோயிற்று. பக்கத்துக் காட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அட, மூத்தவ ஆட்டையே உரிச்சு வெச்சிருக்குது!" என்றாள். அவள் வாயில் சாணியை அள்ளி அப்பலாம் போலிருந்தது.

அதற்காக விட்டுவிடுவேனா? சூரிக்கத்தியை எடுத்து என் குட்டிகளின் வலது காதில் ஒரு வெட்டு வெட்டினேன். மூத்தவள் வழி ஆட்டுக்குக் காது முழுசு, என் வழிக்குக் காதில் வெட்டு.

"ஒரே பட்டிக்குள்ள எதுக்குப் புள்ள ரெண்டு அடையாளம்?" என்றார் அவர்.

"எனக்கு வேணுமுங்க."

"ஆடு பகை, குட்டி உறவாக்கும்?" என்று சிரித்தார். மூத்தவள் ஆட்டைக் கண்டால் ஆகாது, அதன் கிடாவுக்குப் பிறந்த குட்டி மட்டும் வேண்டும் என்கிறாயே என்று குத்துகிறார். அன்று அவருக்குச் சோறு போடும்போது ரசத்தைத் தட்டில் ஊற்றாமல் தரையில் ஊற்றினேன்.

என்ன சண்டை போட்டாலும் வேலை நிற்கவில்லை. பொழுது விடிந்தால் நான் தழை ஒடிக்கப் போவேன். வேப்பந்தழை, ஆலந்தழை, கோடையில் வெள்வேலங்காய். கடலைக்கொடியைக் காயவைத்துப் போர் போட்டு வைப்போம். சின்னக் குட்டிகளைக் கொடாப்புக்குள், அதாவது பெரிய மூங்கில் கூடைக்குள், கவிழ்த்துவிட்டுத் தாய்களை மேய்ச்சலுக்கு ஓட்டுவோம். கிடாக்குட்டிகளை யாவாரிக்குக் கொடுப்போம், பெட்டைகளை நிறுத்திக்கொள்வோம். நான் வந்த மூன்றாவது வருஷம் முடிவதற்குள் முப்பத்திரண்டு உருப்படி ஆகிவிட்டன. எரு விழுந்த காட்டில் சோளம் ஆள் உயரம் நின்றது. எந்த ஆட்டுக்கு வயிறு உப்பும், எதற்குச் சளி பிடிக்கும், எது ஈனும் நேரத்தில் ஒளிந்துகொள்ளும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தெருவில் போகிறவர்கள் பட்டியைப் பார்த்தால் சொல்வது ஒன்றுதான்: "மூத்தவ கை ராசி."

பங்குனியில் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு உறவுக்காரர் பட்டியைப் பார்க்க வந்தார். தானும் ஆடு வளர்க்கலாம் என்ற யோசனை. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். நான் உள்ளே களி கிளறிக்கொண்டிருந்தேன். காது மட்டும் வாசலில் இருந்தது.

"நல்லாப் பெருக்கி வெச்சிருக்கறீங்க மாப்ள. எங்க புடிச்ச ஆடுங்க?"

"அதுங்களா? எல்லாம் மூத்தவ கொண்டாந்த ஆட்டு வழிதானுங்க" என்றார் அவர்.

எல்லாம்! முப்பத்திரண்டில் ஏழு உருப்படிக்குக் காதில் வெட்டு இருந்தது. அந்த மனுஷனுக்குக் கண் இல்லையா? மழையில் இரண்டு குட்டி செத்தபோது மட்டும் நான் இருந்தேன், முப்பத்திரண்டு ஆனபோது நான் இல்லை! களித் துடுப்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். கயிற்றில் அந்தச் சிவப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. இழுத்துச் சுருட்டிக் கொண்டுவந்து அடுப்பில் திணித்தேன். மாமியார் அப்போது கிணற்றடியில் இருந்தார். ஊரெல்லாம் ஒரு முழத் துணிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் ஒரு முழுச் சேலையை எரித்தேன். நன்றாகப் பிடித்து எரிந்தது. அந்தத் தீயில்தான் களி வெந்தது. உறவுக்காரர் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

சேலையைக் காணோம் என்று மாமியார் கேட்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அன்று கேட்கவில்லை. நான் எடுத்து மடித்து வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

மறுநாள் காலை என் கிழிந்த சேலையிலேயே பட்டிக்குப் போனேன். தாய் ஆடு அப்போது மறுபடியும் குட்டி போட்டிருந்தது, அதிலும் ஒன்று புகட்டினால்தான் குடிக்கும் நோஞ்சான். அது உதைத்தால், பாலை அடக்கிக்கொண்டால், குட்டியும் போய்விடும், என் மானமும் போய்விடும். "இந்தா, இங்க பாரு, நான்தான்" என்றேன்.

ஆடு பார்த்தது. மோந்துகூடப் பார்க்கவில்லை. வந்து காலை அகட்டி நின்றது. கையை வைத்தேன், சர்ரென்று இறங்கியது பால்.

அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பாதிச் செம்பு நிறைவதற்குள் எழுந்துவிட்டேன். மாமியார் வழக்கம்போல் கல்லில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேல எங்க சாமி?"

"இனி அதெல்லாம் வேண்டியதில்லீங்க அத்தை. ஆடு என்னைக் கண்டே நிக்குது, பாத்தீங்களா? நேத்தே அதை அடுப்புல போட்டுட்டேன்."

"எதை?"

"அதானுங்க, மூத்தவிய சேலைய."

மாமியார் மெதுவாகச் சொன்னார். "அவ சேலையா? அவ துணிமணியெல்லாம் மூணா நாளே ஊட்டை உட்டுப் போயிருச்சே. செத்தவ சேலைய ஆராச்சும் ஊட்டுல வெப்பாங்களா சாமி?"

வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? என் அம்மா செத்தபோது அவள் துணியையெல்லாம் மூட்டை கட்டி வெளியே கொடுத்தவளே நான்தான். பச்சைக் குழந்தைக்குத் தெரிந்த விஷயம், இரண்டு வருஷமாக என் புத்திக்கு எட்டவில்லை.

"அது என்ற சேலை" என்றார். "உங்க மாமனாரு கடேசியா எடுத்துட்டு வந்தது. அவ போன பொறவு இந்த ஆட்டுக்கு நாந்தான் பால் பீச்சிக்கிட்டு இருந்தேன், அதக் கட்டிக்கிட்டுத்தான். உங்க மாமனாரு போன பொறவு வெள்ளை கட்டிக்கிட்டு வந்தேன், ஆடு என்னையக் கிட்டயே சேத்தல."

நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தவள் போன பிறகு நான் வரும்வரை அந்த ஆட்டை யார் பார்த்திருப்பார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஏரோட்டிவிட்டு வந்தவர் கயிறு நழுவ நின்றாரே, அவர் கண்ணில் பட்டது பெண்டாட்டி இல்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்து அம்மா. தினமும் இந்தக் கல்லில் வந்து உட்கார்ந்த மனுஷி காவலுக்கு வரவில்லை. தான் இனிக் கட்ட முடியாத சேலையை என் உடம்பிலாவது பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போக வந்தாள்.

"அத்தை..." என்றேன்.

"செரி உடு. துணிதானே" என்றார். "பால் ஆறிப்போவுது, குட்டிக்கு ஊத்து."

எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சாம்பலை வழக்கமாக நான்தான் அள்ளி எருக்குழியில் கொட்டுவேன். அன்று அவர் அள்ளினார். நான் முறத்தை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் தாய் ஆடு நின்றது, பால் சொரிந்தது. கல்லில் யாரும் இல்லை. மாமியார் வீட்டுக்குள் சோளம் புடைக்கிற சத்தம் கேட்டது. வந்து உட்காருங்கள் என்று கூப்பிட நினைத்தேன். எந்த வாயால் கூப்பிடுவது?